கண் கண்டதும் கருவி கொண்டதும்

தோட்டப் பள்ளி ஒன்று இடம் மாறப் போகிறது என்ற செய்தி வந்தவுடன் அங்கே நடைபெறும் முதற் காரியம் படம் பிடிப்பதுதான். ஆசிரியர்களும், பழைய மாணவர்களும், லயங்களில் எஞ்சியிருக்கும் சில குடும்பத்தினரும் கைப்பேசியை ஏந்திக்கொண்டு பள்ளியையும், கோயிலையும், ரப்பர் நிரைகளையும், பெரட்டுக் களத்தையும் சுற்றிச் சுற்றி எடுக்கின்றனர். ஓராண்டு கழிந்து அப்படங்களைப் புரட்டும்போது ஏமாற்றமே மிஞ்சுகிறது. பாதிப் படம் வெளுத்த வானம், மறுபாதி புல்தரை, இரண்டுக்கும் நடுவே விரற்கடை உயரத்தில் ஏதோ ஒரு கட்டடம். சில படங்களில் மரங்களெல்லாம் இரட்டை உருவாகக் கலங்கிக் கிடக்கின்றன. “இதுவா அந்த இடம்?” என்று எடுத்தவரே ஐயுறுகிறார். மீண்டும் போய் எடுத்துவரலாம் என்றால், அந்த இடம் அதற்குள் மண்வாரி இயந்திரத்திற்கு இரையாகியிருக்கும்.

இது வீண் கவலை அன்று. 1950களிலும் 1960களிலும் மலாயாவின் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அத்துண்டாடலால் வேலையும் வீடும் இழந்து நின்ற தொழிலாளரை மனத்திற் கொண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. அதன்பின் நகரங்கள் வந்தன. மிகுந்த பால் தரும் ஒட்டுமர வகைகளுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற பேராங் புசார் தோட்டம் 1921இல் தொடங்கப்பட்டது. அந்நிலத்தில் 1995 முதல் எழுந்ததே புத்ராஜெயா. புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் எழுந்த அரங்கில் 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றன. இவ்வாறு மறைந்துபோன நிலங்களின் தோற்றத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசிரியர் கையில் இருப்பது பெரும்பாலும் சில படங்களே. அவை தெளிவாக அமைவது அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று.

கருவியின்மேல் குற்றம் சொல்வது எளிது. விலையுயர்ந்த கருவி வாங்கியும் அதே வெளுத்த வானமும் விரற்கடைக் கட்டடமும் வரும்போதுதான் குறை வேறெங்கோ இருப்பது விளங்கும்.

கண் விலக்குகிறது, கருவி விலக்குவதில்லை

மனிதக் கண் ஒரு காட்சி முழுவதையும் ஒரே தெளிவோடு காண்பதில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், அவ்விரலின் நகம் மறைக்கும் அளவினதாகிய சிறு வட்டத்திற்குள் அடங்குவதையே அது கூர்மையாகக் காண்கிறது. மற்றவை யாவும் மங்கல். ஆயினும் கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் பெயர்ந்துகொண்டே இருப்பதால், அது பொறுக்கிய துணுக்குகளை மனம் தைத்து ஒரே காட்சியாக்கித் தருகிறது. பள்ளியின் முன் நிற்கும் பழைய ஆசிரியர் எவற்றைக் காண்கிறார்? தேய்ந்த படிக்கட்டு, மணி தொங்கிய கம்பம், வாசல் மாமரம் ஆகியவற்றைக் காண்கிறார். குறுக்கே போகும் மின்கம்பியும், சுவரோரம் நிறுத்திய மோட்டார் சைக்கிளும் அவர் கண்ணில் பட்டாலும் மனம் அவற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

கருவிக்கோ விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. மின்கம்பியையும் மாமரத்தையும் சரிசமமாகவே பதிவு செய்கிறது. அகலமாகக் காணும் லென்சு தொலைவிலுள்ளவற்றைச் சிறிதாகவும் காட்டுகிறது. கண்ணுக்கு ஓங்கி நின்ற மலை படத்தில் எறும்புப் புற்றுப்போல் ஆவது இதனாலேயே. ஆகவே மனம் தானாகச் செய்துகொள்ளும் விலக்குதலைப் படம் எடுப்பவர் தெரிந்தே செய்யவேண்டும். எங்கே நிற்பது, எதைச் சட்டத்திற்குள் அடக்குவது, கையை எவ்வாறு அசையாமல் வைப்பது, பின்னர் எதை வெட்டி நீக்குவது என்பனவெல்லாம் இந்த ஒரு வேலையின் பகுதிகளே.

இதைப் பழக ஒரு துண்டு அட்டை போதும். நடுவே 9 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள சாளரம் ஒன்றை வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணிலிருந்து 12.5 செ.மீ. தொலைவில் அட்டையைப் பிடித்தால், 36க்கு 24 மி.மீ. படச்சுருள் இடும் கருவியில் 50 மி.மீ. லென்சு காணும் அளவு தெரியும். 7 செ.மீ. தொலைவிற்குக் கொண்டுவந்தால் 28 மி.மீ. லென்சின் காட்சி. கைப்பேசிகளின் சாதாரண லென்சு இந்த இரண்டாவதை ஒட்டியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, பள்ளித் திடலில் பத்து வகையான படங்களைக் கருவியே இல்லாமல் கண்டுவிடுவர். சட்டத்திற்கு வெளியே போனது எது என்று அவர்களைக் கேட்பது, உள்ளே இருப்பது எது என்று கேட்பதினும் பயனுள்ளது.

நிற்கும் இடம்

பலர் வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்று படம் எடுக்கின்றனர். நிற்கும் இடம் மாறினால்தான் அருகிலுள்ளதற்கும் தொலைவிலுள்ளதற்கும் உள்ள அளவுத் தொடர்பு மாறும். கைப்பேசித் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவதால் அத்தொடர்பு சிறிதும் மாறாது. அது விளிம்புகளை வெட்டிவிட்டு நடுப்பகுதியைப் பெருக்கிக் காட்டுவதே ஆகும். காலால் நடந்து செய்ய வேண்டியதை விரலால் செய்ய இயலாது.

ரப்பர்க் காட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு நிரைகளுக்கு நடுவே நேராக நின்றால், இருபக்கத்து மரங்களும் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் கூடும். பார்ப்பவரின் கண் அங்கே ஓடும். ஓடிய கண்ணுக்கு அங்கே ஏதேனும் இருக்கவேண்டும்: ஒரு மனிதர், ஒரு கோயில் முகப்பு, குறுக்கே போகும் செம்மண் சாலை. ஒன்றும் இல்லையேல் அது வெறும் சுரங்கம். அதே இடத்தில் இரண்டடி ஒதுங்கிக் குந்தி உட்கார்ந்தால் காட்சி முற்றும் மாறுகிறது. பக்கத்து மரத்தின் சாய்ந்த வெட்டும், கம்பியில் தொங்கும் மங்கும் முன்னிடத்தைப் பற்றிக்கொள்ள, மற்ற மரங்கள் பின்னே வரிசையாகத் தேய்கின்றன. முன்னதில் தோட்டத்தின் ஒழுங்கு தெரிந்தது. பின்னதில் தொழில் தெரிகிறது.

உயரமான கட்டடத்திற்கு மிக அருகில் நின்று கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிக் குவியும். பின்வாங்கி நின்று, கருவியை நிமிர்த்திப் பிடித்தால் தீரும்.

வானமும் நிலமும் சந்திக்கும் கோட்டை எங்கே வைப்பது என்பது பழைய கேள்வி. இலண்டனில் 1797இல் ஜான் தாமஸ் சிமித் என்பவர் நாட்டுப்புறக் குடிசைக் காட்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓவியத்தில் ஒரு பகுதி மூன்றில் ஒன்றாகவும் மற்றது மூன்றில் இரண்டாகவும் இருப்பது நலம் என்று அதில் கூறி, அதற்கு ‘மூன்றில் ஒரு பங்கு விதி’ என்று பெயரும் வைத்தார். இன்று கருவிகளின் திரையில் தோன்றும் கட்டங்கள் அந்த விதியின் வழிவந்தவை. வானத்தில் மேகத் திரள் இருந்தால் அதற்கு இரண்டு பங்கு கொடுக்கலாம். வெறும் வெள்ளையாக இருந்தால் ஒரு பங்கும் மிகையே. எனினும் இதனைச் சட்டமாகக் கொள்பவர் ஏமாறுவர். பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்கள் ஏரிகளாகிய தைப்பிங் பூங்காவில், தூங்குமூஞ்சி மரங்கள் கரையிலிருந்து நீரின்மேல் சாய்ந்து தம் நிழலைத் தாமே தொடுகின்றன. அங்கே கரைக்கோடு படத்தின் நடுவில் இருப்பதே பொருத்தம். நிழலும் உருவும் சம எடையுள்ளவை அல்லவா? கோடு எங்கிருந்தாலும் சாயாமல் இருக்கவேண்டும் என்பது மட்டும் மாறாதது. ஏரி நீர் ஒருபக்கமாக வழிந்துவிடுவதுபோல் தோன்றும் படத்தை எந்த விதியும் காப்பாற்றாது.

அழுத்துவதற்கு முன் நான்கு விளிம்புகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றிவர மூன்று நொடிகூட ஆகாது. வெட்டுண்ட தலை, நுழைந்துவிட்ட வண்டிச் சக்கரம், படம் எடுப்பவரின் நிழல் ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதலும் கருவும் உரியும்

தமிழாசிரியர்களுக்கு இதன் நுட்பம் புதிதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரம், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மனத்தின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். பாட்டில் பயிலுமிடத்து முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தவை என்று முறைப்படுத்தியவரும் அவரே. நிலக்காட்சிப் படங்களில் மிகப் பல முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. பரந்த நிலம் இருக்கிறது. அதை எதற்காக எடுத்தார் என்பது தெரியவில்லை.

கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளுக்குச் செல்வோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே படத்தோடு திரும்புகின்றனர். பச்சைச் சரிவு எங்கும் பரந்திருக்கும். ஆயினும் செடி முழங்கால் உயரமா, ஆள் உயரமா என்று படத்தைக் கண்டவர் சொல்ல இயலாது. கொழுந்து எடுப்பவர் ஒருவர் அச்சரிவில் இருந்துவிட்டால், அவர் உருவம் நெல்லளவே ஆனாலும், மலையின் அளவும் உழைப்பின் அளவும் ஒருங்கே விளங்கிவிடும். அவர் முகம் தெரியவேண்டும் என்பதில்லை. முகம் தெரிய எடுப்பதானால் இசைவு பெற்றே எடுக்கவேண்டும்.

பொழுதும் முதற்பொருளே என்பதைப் படம் எடுப்போர் நிலத்தினும் எளிதில் மறந்துவிடுகின்றனர். நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியது. மார்ச்சு மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் கோலாலம்பூரில் பகல் 1 மணி 15 நிமிட அளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. மற்ற நாட்களிலும் நண்பகலில் உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. அவ்வேளையில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். மேடும் பள்ளமும் ஒன்றாகத் தட்டையாகும். சாய்ந்த வெயிலே நிலத்தின் வடிவத்தை எடுத்துக்காட்டும். அது காலையில் சூரியன் எழுந்தபின் இரண்டு மணி நேரமும், மாலையில் அதே அளவும் கிடைக்கும். தீபகற்பத்தில் 1982 சனவரி முதல் நாள் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன என்பதால், அதற்கு முந்தைய உள்ளூர்க் குறிப்புகளில் காணும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளவேண்டும். இரவு மழை பெய்து ஓய்ந்த காலை கிடைத்தால் அதனைத் தவறவிடலாகாது. காற்றிலுள்ள தூசு கழுவப்பட்டுத் தொலைமலையும் தெளிவாகத் தெரியும். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும்போது, நிழல் மூடிய அதே காடு ஒளி புகும் காடாகிவிடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை விளக்க ஆசிரியருக்கு இது கைவசமுள்ள காட்சி.

வானம் வெளுத்துப் போவது இன்றைய தொல்லை அன்று. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த இலின்னேயசு திரைப்பு, 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைக் காகித எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். அக்காலக் காகிதம் நீல ஒளிக்கு மிகையாக இளகியதால் வானம் வெறுமையாகவே வந்தது. அவர் எதிர்ப்படத்தின்மேலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார்! இன்று அத்துணைத் தொல்லை இல்லை. கைப்பேசித் திரையில் வானத்தின் ஒளிமிகுந்த பகுதியைத் தொட்டு, ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுத்தால் போதும். இருண்டுபோன நிழலைப் பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம்; முற்றும் வெளுத்துப்போன வானத்தில் மேகத்தை மீட்க முடியாது.

கை நடுங்காமை

ரப்பர்க் காட்டின் விடியற்காலை அழகுக்கு ஒளி போதாது என்பதே அதன் இடர். ஒளி குறைந்தால் கருவி தன் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கிறது. அந்நேரத்தில் கை மயிரிழை அசைந்தாலும் மரங்கள் இரட்டை உருவாகும். பழங்காலத்தார் கனத்த கருவியை முக்காலியில் நிறுத்தியே எடுத்தனர். ஜெர்மனியின் லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் நலிந்த உடலினர். அப்பளுவைத் தூக்கி மலையேற மாட்டாதவர். அவர் அமைத்த லைக்கா என்னும் சிறு கருவி 1925இல் லைப்சிக் சந்தையில் வெளிவந்தபின், கையில் ஏந்தியே தெளிவான படம் எடுப்பது பரவியது. அதனோடு கை நடுக்கமும் ஒரு பாடமாயிற்று.

ஒளிப்படக்காரர் கைக்கொள்ளும் கணக்கு எளியது. 50 மி.மீ. லென்சானால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் 50இல் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது, 200 மி.மீ. லென்சானால் 200இல் ஒரு பங்கு. படச்சுருளினும் சிறிய உணரி உள்ள கருவிகளில் இது போதாது. ஒன்றரை மடங்கு சிறிய உணரியானால் 50 மி.மீ. லென்சை 75 மி.மீ. என்றே கொள்ளவேண்டும். அசைவைத் தாங்கும் அமைப்புள்ள இன்றைய கருவிகளில் இதனினும் நீண்ட நேரம் தாங்கும். ஆனால் அந்த அமைப்பு தடுப்பது கையின் அசைவை மட்டுமே. காற்றில் ஆடும் இலையையும், நடந்துபோகும் பால்மரத் தொழிலாளியையும் அது நிறுத்திவைக்காது.

உடம்பையே முக்காலியாக்கிக் கொள்வது எப்படி? கால்களைத் தோள் அகலத்திற்கு விரித்து, ஒன்றைச் சற்று முன்வைத்து நிற்கவேண்டும். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க, இடது உள்ளங்கை லென்சைக் கீழிருந்து தாங்கவேண்டும். கைப்பேசியானாலும் இரு கைகளும் வேண்டும். ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிப்பதே பாதிக் கலக்கத்திற்குக் காரணம். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அந்த ஓய்வில் விரலை மெல்ல அழுத்தவேண்டும். குத்துவது கூடாது. பொத்தானைத் தொடுவதாலேயே அசைகிறது என்றால் இரண்டு நொடி தாமத அமைப்பைப் பயன்படுத்தலாம். அருகில் மரமோ கம்பமோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். தோட்டத்தில் மரத்திற்கா பஞ்சம்!

இன்னொரு பழைய உத்தியும் உண்டு. பல கருவிகளின் அடியில் முக்காலி பொருத்தும் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கும். அதில் ஒரு திருகாணியை முடுக்கி, அதிலே கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கருவியை மேல்நோக்கி விறைப்பாக இழுத்துப் பிடித்தால், மேலும் கீழும் ஆடுவது பெரிதும் குறைகிறது. சில காசுக் கயிறு இவ்வளவு செய்யும்.

படம் கலங்கித் தெரிவதெல்லாம் கை நடுக்கமும் அன்று. கைப்பேசியின் லென்சில் விரலெண்ணெய் படிந்திருப்பதே பல வேளைகளில் காரணம். மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

வெட்டுதலும் வைத்திருத்தலும்

எவ்வளவு கவனமாக நின்றாலும் வேண்டாத ஒன்று உள்ளே வந்துவிடும். அதை வெட்டி நீக்குவதில் இழிவொன்றும் இல்லை. பிரஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன், எடுத்த படத்தை வெட்டலாகாது என்பதில் பிடிவாதமானவர். அவருடைய புகழ்பெற்ற படங்களுள் ஒன்று, பாரிசின் சான்-லசார் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரை ஒருவர் தாண்டும் 1932ஆம் ஆண்டுப் படம். வேலியின் பலகை இடுக்கு வழியே எடுத்ததால் ஓரத்தைப் பலகை மறைத்தது. அதை வெட்டியே வெளியிடவேண்டியதாயிற்று.

வெட்டும் இடத்தைத் தேட ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகள் போதும். அச்சிட்ட படத்தின்மேல் அவற்றை எதிரெதிராக வைத்து நகர்த்தினால் சட்டம் விரியும், சுருங்கும், நீளும். பள்ளிப் படத்தில் மேலுள்ள வானத்தையும் கீழுள்ள புல்லையும் மறைத்துப் பார்த்தால், விரற்கடையாகக் கிடந்த கட்டடம் நீண்ட செவ்வகத்தில் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம்.

ஆனால் வெட்டுவதற்கும் விலை உண்டு. 12 மெகாபிக்சல் படம் என்பது 4,000 புள்ளி நீளமும் 3,000 புள்ளி அகலமும் உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 13 அங்குல நீளம் வரும். நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினால் எஞ்சுவது 30 இலட்சம் புள்ளிகள். அச்சில் 7 அங்குலத்திற்கும் குறைவு. பாதியாக வெட்டிய படத்தை முன்னிருந்த அளவுக்குப் பெருக்கினால் கை நடுக்கமும் இருமடங்காகப் பெருகும். ஆகவே பின்னர் வெட்டப்போகிறோம் என்று தெரிந்தால், 50இல் ஒரு பங்கு நொடி போதும் என்ற இடத்தில் 100இல் ஒரு பங்கு வேண்டும்.

இதனினும் பெரிய விலை ஒன்று உண்டு. அழகுக்குத் தடையென்று இன்று நீக்கும் ஓரமே நாளை ஒருவர் தேடும் சான்றாக இருக்கக்கூடும். சரிந்து கிடக்கும் பெயர்ப்பலகை, கிணற்றடி, லயத்துச் சுவரில் எழுதிய எண் ஆகியவை சட்டத்தைக் கெடுப்பவைதாம். ஆனால் அந்த இடம் இன்னதென்று உறுதிசெய்பவையும் அவையே. இடம் மறையப் போகிறது என்னும்போது கலைஞரின் கத்தரியும் வரலாற்றாசிரியரின் தேவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டு வகைப் படங்களையும் எடுப்பதே வழி. முதலில் ஒவ்வோர் இடத்தையும் நான்கு திசையிலிருந்தும், எதையும் ஒதுக்காமல், சாதாரண உயரத்தில் நின்று எடுத்துவிடவேண்டும். இவை சான்றுப் படங்கள். இவற்றில் அழகு பார்க்கத் தேவையில்லை. அதன்பின் அட்டையும் பொறுமையும் கொண்டு, சாய்ந்த வெயிலுக்குக் காத்திருந்து, மாமரத்தையும் படிக்கட்டையும் எடுக்கலாம்.

வெட்டுவதும் படியில்தான் நடைபெறவேண்டும். மூலப்படம் முழுமையாக இருக்கவேண்டும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்சு 1941 நவம்பர் முதல் நாள் மாலையில், நியூ மெக்சிக்கோவின் எர்னாந்தசு என்னும் சிற்றூரின்மேல் நிலவெழுந்த காட்சியை எடுத்தார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை நினைவிலிருந்து கணக்கிட்டு ஒரே படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின்மேல் இருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே எதிர்ப்படத்திலிருந்து பல்லாண்டுகள் வெவ்வேறு வகையாக அச்சிட்டுவந்தார். வானம் வரவரக் கறுத்தது. எதிர்ப்படம் கெடாமல் இருந்ததால் அது இயன்றது.

கைப்பேசியில் எடுத்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பும்போது செயலிகள் பல அதைச் சுருக்கியே அனுப்புகின்றன. பள்ளியின் கணினியில் சேர்க்கவேண்டியது சுருங்கி வந்த படியை அன்று, எடுத்த கைப்பேசியிலுள்ள மூலத்தையே. இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பது நலம். அச்சிட்டுக்கொண்டால் படத்தின் பின்புறம் மென்பென்சிலால் நாள், தோட்டத்தின் பெயர், பிரிவு, எந்தத் திசை நோக்கி எடுத்தது என்ற நான்கையும் எழுதவேண்டும். திசையை எழுதுவோர் மிகச் சிலரே. சாலையும் கட்டடமும் மாறிப்போன ஓர் இடத்தில் நின்று, பழைய கோயில் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடுபவருக்கு முதலில் வேண்டுவது அதுதான்.